வயிற்று வலி பொய்யல்ல

ஜூன் மாதம் பிறக்கிறது. கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. மழையும் கூடவே வருகிறது. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலூன், பாட்டு, மிட்டாய் என்று வரவேற்பு நடக்கிறது. இரண்டு மூன்று நாள் பிள்ளை சிரித்துக்கொண்டே போகிறது. அப்புறம் ஒரு நாள் காலையில், சட்டை போடும்போது, வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது.

"அம்மா, வயிறு வலிக்குது."

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். 1568-ல் கட்டிய யூதர் ஜெப ஆலயம் இருக்கும் இடம் அது. அம்மா வாசனைப் பொருள் கிடங்கில் வேலை செய்கிறார். எட்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பா சுமை ஏற்றுகிறவர். வீட்டில் பேசுவது தமிழ். பையன் படிப்பது மலையாளப் பள்ளி.

"சும்மா நடிக்கிறான். ரெண்டு போட்டா சரியாப் போயிடும்" என்கிறார் அப்பா.

"கண்ணு பட்டிருக்கும். சுத்திப் போடுடி" என்கிறார் பாட்டி.

"டாக்டர் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்னாரே அத்தை" என்கிறார் அம்மா.

மூன்று பேரும் பேசுகிறார்கள். பையனுக்கு வலி நிற்கவில்லை. பத்து மணிக்கு மேல் தானாக நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை.

அப்படியானால் அவன் பொய் சொல்கிறானா? இல்லை.

வலி எப்படி வருகிறது?

பயந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "வயிற்றில் புளியைக் கரைத்தது போல இருந்தது" என்கிறோம். "வயிற்றைக் கலக்குகிறது" என்கிறோம். இது வெறும் பேச்சு அல்ல. நம் குடலைச் சுற்றிக் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் உள்ளன. அவை மூளையோடு ஓயாமல் செய்தி பரிமாறுகின்றன. மனம் பயந்தால் குடல் இறுகும். சிறு அசைவும் வலியாகத் தெரியும்.

பெரியவர்களுக்கு "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியும். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. அதன் வயிறு சொல்கிறது. நோய் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் வலி இருக்கும். ஆகவே "நடிக்காதே" என்று அடிக்கக் கூடாது. அடித்தால் பயம் கூடும். வலியும் கூடும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அவரும் இன்னொரு மருத்துவரும் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள். 1958-ல் அதை வெளியிட்டார்கள். பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்று வலி இருந்தது. தொப்புளைச் சுற்றி வலித்தால் பெரும்பாலும் பயமில்லை, தொப்புளை விட்டுத் தள்ளி வலித்தால் கவனிக்க வேண்டும் என்று ஆப்லி சொன்னார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது எப்போது?

எல்லா வலியும் பயத்தால் வருவதல்ல. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

1. தொப்புளில் தொடங்கிய வலி, வலது அடிவயிற்றுக்கு நகர்கிறது. இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம்.
2. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி.
3. பச்சை நிறத்தில் வாந்தி, அல்லது விடாத வாந்தி.
4. மலத்தில் இரத்தம்.
5. வலியோடு காய்ச்சல்.
6. வயிறு கல் போல இருக்கிறது. தொட விடுவதில்லை.
7. சிறுநீர் போகும்போது எரிச்சல்.
8. உடல் மெலிகிறது.
9. பையனுக்கு விதையிலோ தொடை இடுக்கிலோ வலி, வீக்கம்.

இந்த நேரத்தில் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை வழிக்க விடாதீர்கள். எந்த வலிக்கும் சூடு போடக் கூடாது. சுற்றிப் போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வேறு என்ன காரணம் இருக்கலாம்?

மலச்சிக்கல்: பள்ளிக் கழிப்பறை பிள்ளைக்குப் புதிது. இருட்டு, நாற்றம், உடைந்த தாழ்ப்பாள் என்றால் பயந்து அடக்கிக்கொள்ளும். மலம் இறுகும். வயிறு வலிக்கும். காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்கார வையுங்கள். கீரை, வாழைப்பழம், போதுமான தண்ணீர் கொடுங்கள்.

வெறும் வயிறு: அவசரத்தில் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனாலும் வலிக்கும். ஒரு இட்லியாவது, கொஞ்சம் கஞ்சியாவது கொடுத்து அனுப்புங்கள்.

பூச்சி: 2015 முதல் நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. அன்று 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பூச்சி மாத்திரை இலவசம். தவறவிடாதீர்கள்.

பிள்ளையின் பயம் என்ன?

பள்ளிக்குப் போகிற அவசரத்தில் கேட்காதீர்கள். இரவில் பக்கத்தில் படுத்திருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். "ஏன் வலிக்குது?" என்றால் பதில் வராது. இப்படிக் கேட்கலாம்:

"உன் பக்கத்துல யாரு உட்கார்றா கண்ணு?"

"மத்தியானம் யாரோட சாப்பிட்டே?"

"ஒண்ணுக்கு வந்தா யார்கிட்ட சொல்வே?"

நம் வீட்டுப் பையன் கடைசிக் கேள்விக்கு வாய் திறந்தான். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. சொன்னா பசங்க சிரிக்கிறாங்க" என்றான். பாதி நாள் அவன் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்றால் இந்தச் சிரமம் வரும். மூன்று வாக்கியங்களைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்:

டீச்சரே, எனிக்கு மூத்ரம் ஒழிக்கணம்.
எனிக்கு வெள்ளம் வேணம். (மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.)
எனிக்கு வயறு வேதனிக்குன்னு.

பிறகு டீச்சரைப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். "பிள்ளைக்கு மலையாளம் வரலை டீச்சர், கை தூக்கினா வெளியே விடுங்க" என்று சொன்னால் போதும்.

யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்றும் விசாரியுங்கள். பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு இல்லை.

பள்ளிக்கு அனுப்பலாமா?

ஆபத்தான அறிகுறி இல்லை என்றால் அனுப்புங்கள். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் மறுநாள் பயம் இரட்டிப்பாகும். "வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துல குறையும். சாயங்காலம் அம்மா வாசல்ல நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். வேலை இருந்தால் பாட்டி நிற்கட்டும். அதையும் காலையிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று நீங்களும் அழாதீர்கள். சில வாரம் ஆகியும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

எழுதி வையுங்கள்

உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். ஒரு வாரம் இப்படிக் குறித்து வையுங்கள்:

திங்கள்: காலை 7 மணி. தொப்புள் பக்கம் வலி. மலம் போகவில்லை.
செவ்வாய்: காலை 7 மணி. வலி. பள்ளிக்குப் போனான். 10 மணிக்கு நின்றது.
ஞாயிறு: வலி இல்லை. விளையாடினான்.

இந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று அவர் கேட்பதற்கெல்லாம் இதில் பதில் இருக்கும்.

படித்துப் பழகுவோம்

வயிறு, தொப்புள், குடல்வால், மலச்சிக்கல், கழிப்பறை, அறிகுறி

கலந்து பேசுவோம்

1. வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை ஏன் அடிக்கக் கூடாது?
2. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகளில் நான்கு சொல்லுங்கள்.
3. உங்கள் பிள்ளையின் பள்ளிக் கழிப்பறையைப் பார்த்திருக்கிறீர்களா? அது எப்படி இருக்கிறது?

எழுதுவோம்

உங்கள் பிள்ளையின் டீச்சருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.