கல்லீரலுக்குள்ள ஒரு ஜெனரேட்டர்

ஹாஸ்டல்ல அடிக்கடி கேட்கிற டயலாக்: "மச்சி, லிவர் மட்டும் தானா வளர்ந்துடும்டா, பயப்படாத." சொல்றவன் கையில் என்ன இருக்கும்னு நான் எழுத வேண்டியதில்லை. எங்க பெரியப்பாவும் இதையேதான் சொல்வார். போன வருஷம் சிரோசிஸில் இறந்துபோனார். தானா வளர்ற உறுப்பு அவருக்கு மட்டும் ஏன் வளரல? பயோடெக்னாலஜி படிக்கிற என்கிட்ட வீட்டில் கேட்டாங்க. முழிச்சேன். அதுக்கப்புறம் படிச்சதுதான் இது.

அந்த டயலாக் பொய் இல்லை. 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்த சோதனையை வெளியிட்டார்கள். பத்து நாளுக்குள் ஏறக்குறைய பழைய எடை திரும்பிவிடும். வெட்டிய மடல் மறுபடி முளைப்பதில்லை, மீதி இருக்கும் மடல்கள்தான் பெருக்கின்றன. நாம நினைக்கிற மாதிரி இது ஸ்டெம் செல் செய்யும் வேலையும் இல்லை. ஏற்கெனவே டியூட்டியில் இருக்கும் ஹெப்பட்டோசைட்கள், அதாவது கல்லீரலின் முக்கிய செல்கள், அவையே பிரிந்து பெருகுகின்றன. உயிரோடு இருக்கும் ஒருவர் கல்லீரலில் பாதியைத் தானம் கொடுக்க முடிவது இதனால்தான்.

அப்போ ப்ரோஜெனிட்டர் செல் எதுக்கு? அது நம்ம ஹாஸ்டல் ஜெனரேட்டர் மாதிரி. மெயின் லைன் போனாத்தான் அதுக்கு வேலை.

1956-இல் ஃபார்பர் என்பவர், புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் கொடுத்த எலிகளின் கல்லீரலில் முட்டை வடிவச் சின்னச் செல்கள் பெருகுவதைப் பார்த்து 'ஓவல் செல்' என்று பெயர் வைத்தார். பிறகு வந்தவர்கள், மருந்து கொடுத்து ஹெப்பட்டோசைட் பிரிவதைத் தடுத்துவிட்டு, கல்லீரலையும் வெட்டினார்கள். அப்போது இந்தச் செல்கள் பெருகி ஹெப்பட்டோசைட்டாக மாறின. இவை கிளம்பும் இடம், ஹெப்பட்டோசைட்டும் பித்தக்குழாயும் சேரும் ஹெரிங் கால்வாய். அதனாலோ என்னவோ, இவற்றால் இரண்டு வகைச் செல்லாகவும் ஆக முடியும்.

இதில் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. 2014-இல் எலிகளில் செல்களுக்கு ஒளிரும் அடையாளம் போட்டுப் பின்தொடர்ந்தவர்கள், புது ஹெப்பட்டோசைட் எல்லாமே கிட்டத்தட்ட பழைய ஹெப்பட்டோசைட்டிலிருந்துதான் வருது என்றார்கள். ஓவல் செல் கதை முடிஞ்சுதுன்னு பலர் நினைத்தார்கள். 2017-இல் எடின்பரோ குழு ஹெப்பட்டோசைட்டின் பிரியும் திறனையே முடக்கிப் பார்த்தது. இப்போது பித்தக்குழாய்ச் செல்களிலிருந்து ஹெப்பட்டோசைட் வந்தது. என் பார்வையில் இரண்டும் மோதவே இல்லை. கரண்ட் போகாத நாளில் ஜெனரேட்டர் ஓடுதான்னு பார்த்தா எப்படித் தெரியும்?

இனி பெரியப்பா விஷயம். வருஷக்கணக்கா குடி, ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல், எதுவானாலும் ஹெப்பட்டோசைட்கள் செத்துச் செத்துப் பிரிந்து, ஒரு கட்டத்தில் பிரிய முடியாமல் முதுமையடைகின்றன. அப்போது ப்ரோஜெனிட்டர் செல்கள் எழுகின்றன. நோய் முற்ற முற்ற அவையும் அதிகமாகின்றன. ஆனா ஜெனரேட்டர் ஓடினா புகை வருமே! இவை பெருகும் இடத்திலேயே ஸ்டெல்லேட் செல்கள் கொலாஜனைக் கொட்டித் தழும்பு போடுகின்றன. தழும்பை இவைதான் தூண்டுதா, இல்ல ரெண்டும் சேர்ந்து வருதாங்கிறதில் இன்னும் ஒரே கருத்து இல்லை.

தழும்பு ரத்த ஓட்டத்தின் பாதையை மாற்றிவிடும். நடுவில் மாட்டிக்கொண்ட செல்கள் அப்பவும் பிரிந்து, உருண்டை உருண்டையாகத் திரளும். செல் இருக்கு, ஆனா சரியான ரத்தக் கனெக்‌ஷன் இல்லை. இந்த உருண்டைகளுக்கு நோய்க்கூறியலில் பெயரே 'ரீஜெனரேட்டிவ் நாட்யூல்'. அதாவது, மறுபடி வளர்ந்த முடிச்சு. சிரோசிஸ் என்பதே தழும்பு சூழ்ந்த இந்த முடிச்சுகள்தான்.

பெரியப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் 'நாடுலர்' என்ற வார்த்தை இருந்தது. அவர் கல்லீரல் வளராமல் இல்லை. கடைசி வரைக்கும் வளர்ந்துட்டுத்தான் இருந்திருக்கு.