டேங்க் மூடியும் காற்றழுத்தப் பாடமும்

எட்டாம் வகுப்பில் காற்றழுத்தம் நடத்தும்போது உறிஞ்சுகுழல், ஊசிக்குழாய், நீர் நிறைந்த டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்ப்பது என்று வழக்கமான சோதனைகளைச் செய்து காட்டுகிறோம். மாணவர்கள் ரசிக்கிறார்கள், தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பாடத்தைக் கொண்டு வகுப்பறைக்கு வெளியே ஒரு பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா? சென்ற சாரல் பருவத்தில் என் கார் அதற்கு வாய்ப்பளித்தது. அதில் நான் செய்த தவறும் ஒன்று உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நின்று நின்று போன கார்

என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய கார். தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் உள்ள பள்ளிக்குச் சென்று வருவேன். ஜூன் மாதம் ஒருநாள் காலை, குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு நடுவே கார் தானாக நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. அடுத்த வாரம் இலஞ்சி அருகே நின்றது, பிறகு மேலகரத்தில். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் நிற்கவே இல்லை.

முதலில் சாரல்மீது சந்தேகம் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரிலும் பிளக் வயர்களிலும் ஈரம் பட்டால் வண்டி நிற்பது உண்டு. ஆனால் நல்ல வெயில் அடித்த நாளிலும் நின்றது. எனவே அந்தக் காரணத்தை அடித்துவிட்டு, ஒரு நோட்டில் நாள், வானிலை, டேங்கில் இருந்த பெட்ரோல், ஓடிய தூரம் ஆகியவற்றைக் குறித்து வந்தேன். ஆறு முறை நின்றதில் ஐந்து முறை, டேங்க் நிறையப் பெட்ரோல் போட்ட அன்றே நின்றிருந்தது.

உடனே முடிவு கட்டிவிட்டேன்: பெட்ரோல் சரியில்லை. வழக்கமாகப் போடும் பங்குக்குப் போய், பலர் முன்னிலையில், "என்ன பெட்ரோல்யா போடுறீங்க?" என்று சத்தம் போட்டேன். பம்ப் அருகே நின்றவர் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை. அவர் மெதுவாக, "நானும் இதே பெட்ரோலத்தான் சார் என் வண்டிக்குப் போடுதேன்" என்றார். என் முடிவுக்கு எதிரான நல்ல சான்று அது. நான் அதை நோட்டில் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து அந்த மாணவன் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டான். கேள்வி கேட்டால் தலை குனிந்து நின்றான்.

புட்டி சொன்ன செய்தி

இரண்டு வாரம் கழித்துக் காற்றழுத்தப் பாடம் வந்தது. ஒரு கெட்டியான பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பக்கத்தில் ஊசியால் துளையிட்டு நீர் நிரப்பினேன். மூடியைத் திறந்தால் நீர் பீய்ச்சியது. இறுக மூடினால் நின்றது. எண்ணெய் டின்னில் இரண்டு துளை போடுவது ஏன் என்பதும் அப்போது விளங்கியது. புட்டி நிறைய நீர் இருந்தபோது சில துளிகளிலேயே ஒழுக்கு நின்றது. பாதி நீர் இருந்தபோது இன்னும் கொஞ்சம் ஒழுகிய பிறகே நின்றது. காரணம் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து அவன் கேட்டான்: "சார், ஒங்க கார் டேங்க் மூடில ஓட்டை இருக்கா?"

வகுப்பு அமைதியானது. அவன் மீண்டும் கேட்டான்: "மெக்கானிக் அண்ணாச்சி மொதல்ல மூடியத்தான தெறந்து பாத்திருப்பாக?"

உண்மைதான். பெட்ரோலை முகர்ந்து பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் முதலில் திறந்தது அந்த மூடியைத்தான். பழுதைத் தேடும் செயலே பழுதை நீக்கிவிட்டது! மே மாதம் பழைய மூடி தொலைந்து, கடையில் கிடைத்த வேறொரு மூடியை வாங்கிப் பொருத்தியிருந்ததும் நினைவுக்கு வந்தது. 'புதிதாக என்ன மாறியது?' என்ற கட்டம் என் நோட்டில் இல்லை.

பெட்ரோல் குறையும்போது டேங்குக்குள் வெளிக்காற்று நுழைய வேண்டும். அதற்காக மூடியிலோ டேங்கிலோ காற்றுவழி வைத்திருப்பார்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, பம்ப்பால் பெட்ரோலை இழுக்க முடியாமல் எஞ்சின் நிற்கும். சிறிது நேரத்தில் இடுக்குகள் வழியே காற்றுக் கசிந்து நுழைந்ததும் மீண்டும் ஓடும்.

டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் ஏன்? மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதை பாயில் 1662-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு விளக்கலாம். டேங்கில் 2 லிட்டர் காற்று இருக்கும்போது 1 லிட்டர் பெட்ரோல் செலவானால் காற்று 3 லிட்டராக விரியும். அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகும். 15 லிட்டர் காற்று இருந்தால் அது 16 லிட்டராகும். அழுத்தம் 6 விழுக்காடு அளவே குறையும். பெட்ரோல் ஆவியும் சேர்வதால் உண்மையில் இவ்வளவு குறையாது என்றாலும், நிறைந்த டேங்கில் விரைவாகக் குறையும் என்பது மாறாது. பெட்ரோல் போட்ட அன்று நின்றது என்ற என் குறிப்பு சரி. அதற்கு நான் கற்பித்த காரணம்தான் தவறு.

அன்று மாலை டேங்கை நிரப்பி ஓட்டினேன். கார் நின்றதும் சாலையோரம் தள்ளி நிறுத்தி, வேறு எதையும் தொடாமல் மூடியை மட்டும் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியதும் கார் உடனே ஸ்டார்ட் ஆனது. மறுநாளும் அப்படியே நடந்தது. பிறகு காற்றுவழி உள்ள சரியான மூடியைப் பொருத்தினேன். அதன்பின் நிற்கவில்லை.

வகுப்பில் செய்ய

1. புட்டிச் சோதனையை நிறைந்த நிலை, பாதி நிலை என இரு முறை செய்து, ஒழுகிய நீரை அளக்கச் செய்யலாம்.

2. விட்டுவிட்டு வரும் ஒரு பழுதை (வீட்டுக் குழாய், மின்விளக்கு, சைக்கிள்) மாணவர்கள் ஒரு வாரம் குறித்து வரட்டும். எப்போது வந்தது, எப்போது வரவில்லை, அதற்குமுன் புதிதாக என்ன மாறியது, நம் எண்ணத்துக்கு எதிரான சான்று எது என நான்கு கட்டங்கள் வேண்டும்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம், பெட்ரோல் தொடர்பானவற்றை மாணவர்கள் தொடாமல் கவனிக்க மட்டுமே செய்யட்டும். காரில் இப்படி நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றை மெக்கானிக்கே பார்க்க வேண்டும்.

நான்காவது கட்டம் நமக்கும் வேண்டும். ஒருநாள் நன்றாக வாசித்து மறுநாள் தடுமாறும் பிள்ளையை 'வீட்டில் கவனிப்பதில்லை' என்று சொல்லிவிடுமுன், எந்த நாளில், எந்தப் பாடவேளையில், எதை வாசிக்கும்போது என்று நான் இப்போது குறித்துப் பார்க்கிறேன்.

பங்குக்கும் போனேன். நான் சத்தம் போட்ட அதே இடத்தில், ஆட்கள் இருக்கும்போதே, "அண்ணாச்சி, தப்பு என் மூடியில. கண்டுபிடிச்சது ஒங்க பையன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நிறைய போட்டுரவா சார்?" என்று கேட்டார்.