பைக்குக்குள்ள ஒரு வேதியியல் பாடம்

பிளஸ் டூவுல 'இடைநிலை உலோகங்கள்'னு ஒரு பாடம் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? பரீட்சை முடிஞ்சதும் மறந்த அந்தப் பாடம் தினமும் நம்ம காலேஜ் பார்க்கிங்ல நிக்குது. பைக்கை வச்சே அதை ஒருமுறை பார்த்துடுவோம்.

முதல்ல வரையறை. அணுவிலோ, அது தரும் அயனியிலோ டி ஆர்பிட்டல் முழுசா நிரம்பாம இருந்தால் அது இடைநிலை உலோகம். துத்தநாகத்துக்கு இரண்டிலுமே பத்து டி எலக்ட்ரானும் நிறைஞ்சிருக்கு. அதனால டி தொகுதியில இருந்தாலும் அது இடைநிலை உலோகம் இல்லை. வைவாவுல கேட்டா தடுமாறாதீங்க!

உறுதி: டி எலக்ட்ரான்களும் உலோகப் பிணைப்பில் சேருவதால் பிணைப்பு பலமாகுது. இரும்பு 1538 டிகிரி செல்சியஸில்தான் உருகும். டங்ஸ்டனுக்கு 3422 டிகிரி வேணும். துத்தநாகமோ 420 டிகிரியிலேயே உருகிடும். செயின், கியர் எல்லாம் இரும்புக் கலவையா இருக்கிறது சும்மா இல்லை.

உலோகக் கலவை: அணுக்களின் அளவு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிறதால இவை எளிதா ஒன்றோடொன்று கலக்கும். இரும்போட சுமார் 11 சதவீதமோ அதுக்கு மேலயோ குரோமியம் சேர்த்தா, மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகும். கீறல் விழுந்தாலும் காற்று பட்டதும் தானே மூடிக்கும். டிஸ்க் பிரேக் தட்டும், வீட்டு எவர்சில்வர் தட்டும் துருப்பிடிக்காம இருக்கிறது இப்படித்தான்.

வினைவேக மாற்றி: சைலன்சர் பாதையில் ஒரு தேன்கூடு மாதிரி அமைப்பு இருக்கும். அதுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிசா பூசியிருப்பாங்க. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, டி எலக்ட்ரான்களின் உதவியோட அந்தப் பரப்பில் ஒட்டி, ஆக்சிஜனோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடா விலகிடும். ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனா மாத்தும். உலோகம் செலவாகாது.

இப்போ முக்கியமான விஷயம். 'சவுண்டு நல்லா வரணும்'னு சைலன்சரை மாத்துறவங்க, பல பைக்குகளில் இந்த கன்வெர்ட்டரையும் சேர்த்தே கழட்டிடுறாங்க. அப்புறம் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனா நம்ம ரத்தத்திலும் ஓர் இடைநிலை உலோகம் இருக்கே! ஹீமோகுளோபினில் உள்ள இரும்போட அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல வலுவா ஒட்டிக்கும். பிளாட்டினத்தில் ஒட்டினா விஷம் குறையும். நம்ம இரும்பில் ஒட்டினா உயிருக்கே ஆபத்து.

இன்னொண்ணு: கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி வரை சூடானாத்தான் சரியா வேலை செய்யும். அதனால கன்வெர்ட்டர் இருந்தாலும் மூடின ஷெட்டுக்குள்ள வண்டியை ஸ்டார்ட் பண்ணி விட்டு வைக்காதீங்க.

அடுத்த தடவை நண்பன் சைலன்சர் மாத்தக் கிளம்பினா, இந்தப் பாடத்தை அவனுக்கும் சொல்லுங்க!