மாணவனாக மாறுவதென்றால்

மாதுங்கா, பம்பாய்
16-11-2025

சிரஞ்சீவி மருமானுக்கு,

நேற்று மாலை உன் அம்மா, வாழையிலையும் நார்த்தங்காயும் வாங்குகிற வியாஜத்தில் செம்பூரிலிருந்து மாதுங்கா மார்க்கெட்டுக்கு வந்தவள், வாங்கின பையைக்கூட அவிழ்க்காமல் என் வீட்டு ஊஞ்சலில் வெகு நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அக்டோபர் 27-ஆம் தேதியோடு உன் உத்தியோகம் போய்விட்டது என்பதையும், இரண்டு வாரம் அதை நீ எங்களிடம் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே வைத்து வருந்தினாய் என்பதையும், இப்போது உன் சிநேகிதர்கள் எச்-1பி என்னும் ஊழிய ஸ்திதியை விட்டு எஃப்-1 என்னும் மாணவ ஸ்திதிக்கு மாறிக்கொள்ளும்படி யோசனை கூறுகிறார்கள் என்பதையும் அவள் வாயால் கேட்டேன். "இது சரியா அண்ணா?" என்று கேட்டாள். கோட்டைப் பகுதியில் ஒரு சாலிஸிட்டர் காரியாலயத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிரமாணப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தவன் நான். ஷரத்தைப் படிக்காமல் அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே இரவெல்லாம் என் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க அரசின் விதிகளைக் கணினியில் எடுத்துப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாள் போய்விடும் என்பதால், இந்தத் தாள்களைப் படம் பிடித்து உன் அம்மாவின் போனிலிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உத்தியோகம் போவது அவமானமல்ல. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் இதற்குமேல் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை.

2017 ஜனவரியில் அமுலுக்கு வந்த விதியின்படி, எச்-1பி ஊழியன் ஒருவனுக்கு வேலை நின்றபின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. அவன் தங்கும் கெடுவைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிவதானால் அவகாசமும் அதனோடு முடிகிறது. உன் கணக்கில் அறுபதாவது நாள் டிசம்பர் 26. இன்றோடு இருபது நாள் கழிந்துவிட்டது. இந்த அவகாசத்துக்குள் வேறொரு முதலாளி உனக்காக மனுப் போட்டுவிட்டால், 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அந்த மனு போய்ச் சேர்ந்த அன்றே நீ அங்கே வேலையைத் தொடங்கலாம். இல்லையென்றால் ஐ-539 என்னும் விண்ணப்பத்தின் மூலம் ஸ்திதியை மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் புறப்பட்டு வந்துவிட வேண்டும். கணினி வழியாக அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் 420 டாலர், மாணவர் பதிவேட்டுக்கு 350 டாலர். இந்தத் தொகைகள் சிறியவை என்பதே இந்த வழி சுலபமானது என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது.

உன் சிநேகிதர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு தடவை குலுக்கலில் தேறி எச்-1பி கணக்கில் ஏறிவிட்டவன் மறுபடி குலுக்கலுக்குப் போகவேண்டியதில்லை. ஆறு வருஷ வரம்பில் நீ 2022 அக்டோபரிலிருந்து செலவழித்தது மூன்று வருஷத்துக்குச் சற்றே அதிகம். மாணவனாக இருக்கும் காலம் அந்த வரம்பில் சேராது. மிச்சம் அப்படியே இருக்கும். அதற்கும் மேலாக, கடந்த செப்டம்பர் 19-ஆம் தேதி அந்நாட்டு ஜனாதிபதி கையெழுத்திட்ட பிரகடனத்தின்படி, வெளிநாட்டிலிருக்கும் ஒருவனுக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று ஆகிவிட்டது. உள்ளேயே இருந்து ஸ்திதி மாறுகிறவனுக்கு அது பொருந்தாது என்று அக்டோபர் 20-ஆம் தேதி விளக்கமும் வந்திருக்கிறது. ஆகவே, எப்படியாவது உள்ளேயே இருந்துவிடு, வெளியே காலெடுத்து வைத்தால் கதவு கனமாகிவிடும் என்று அவர்கள் பதறுவதன் காரணம் எனக்கு விளங்குகிறது. அந்தப் பதற்றம் பொய்யல்ல.

ஆனால் விசா வேறு, ஸ்திதி வேறு என்பதை நீ மனத்தில் தெளிவாக வாங்கிக்கொள்ள வேண்டும். விசா என்பது வாசலில் காட்டுகிற அனுமதிச் சீட்டு. ஸ்திதி என்பது உள்ளே நீ எந்த ஹோதாவில் இருக்கிறாய் என்பது. ஐ-539 உனக்கு ஸ்திதியை மட்டுமே மாற்றித் தரும், விசாவைத் தராது. விண்ணப்பம் முடிவாகுமுன் நீ நாட்டை விட்டுக் கிளம்பினால் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படும். முடிவான பின் கிளம்பினாலும், திரும்பிப் போக வேண்டுமென்றால் இங்கே தூதரகத்தில் மாணவ விசாவுக்குப் புதிதாக நிற்க வேண்டும். அந்தத் தூதரகம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தாராவியைத் தாண்டி மித்தி நதியின் அந்தக் கரையில், பாந்த்ரா-குர்லா வளாகத்தில். எச்-1பி காரன் குடியேறும் எண்ணம் வைத்திருந்தால் அது குற்றமாகாது என்று சட்டமே இடம் கொடுக்கிறது; மாணவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்புவேன் என்று அவன் அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நம்பவைக்கிற பொறுப்பு அவனுடையது. ஏழு வருஷம் அங்கே இருந்து, வேலை பார்த்து, குடித்தனம் நடத்தி, குழந்தையையும் அங்கேயே பெற்ற ஒருவன், உத்தியோகம் போனதும் திடீரென்று மாணவனாகி, அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னால், கேட்கிறவருக்கு என்ன தோன்றும் என்பதை நீயே யோசித்துப் பார். வருகிற சித்திரையில் உன் அப்பாவின் எழுபதாவது வயதுக்காக, செடா நகர் முருகன் கோவிலுக்குப் பக்கத்தில் பீமரத சாந்தி நடத்துவதென்று நாள்கூடப் பார்த்துவிட்டோம். மாணவ ஸ்திதியில் இருந்துகொண்டு அதற்கு வருவதற்கு உனக்குத் துணிவு வராது என்பதுதான் உன் அம்மாவின் மௌனத்துக்குள் இருந்த கேள்வி.

இன்னொரு விஷயத்தை உன் சிநேகிதர்கள் உன்னிடம் சொன்னார்களா என்று தெரியவில்லை. படிப்பு முடிந்தபின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி. என்பது ஒரு பட்டத்தின் படிநிலைக்கு ஒரே முறைதான். 2020-இல் முதுகலை முடித்து, பன்னிரண்டு மாதத்தையும், அதன்மேல் விஞ்ஞான, தொழில்நுட்பப் பாடங்களுக்குத் தருகிற நீட்டிப்பையும் நீ அனுபவித்தாயிற்று. இப்போது இரண்டாவது முதுகலையோ எம்.பி.ஏ.யோ படித்தால் அதுவும் அதே படிநிலை. அதன் முடிவில் ஒரு நாள் ஓ.பி.டி.யும் கிடையாது. டாக்டர் பட்டம் மட்டுமே அதற்கு மேற்பட்ட படிநிலை. இதை அறிந்துதான் சில கல்லூரிகள், சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சி.பி.டி. என்னும் ஏற்பாட்டை விளம்பரம் செய்து, வேலை இழந்தவர்களை இழுக்கின்றன. சி.பி.டி. என்பது பாடத்திட்டத்தின் உறுப்பான பயிற்சி. சம்பளத்துக்காகப் பாடத்தை உறுப்பாக்கிக் கொள்வதல்ல. பின்னாளில் ஒரு முதலாளி உனக்காக எச்-1பி மனுப் போடும்போது, நீ மாணவ ஸ்திதியை நேர்மையாகக் காத்தாயா என்று அந்தச் சில வருஷங்களைத்தான் முதலில் கிளறுவார்கள்.

2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் பிளெஸன்டன் என்னும் ஊரில் பேருக்கு மட்டும் கல்லூரியாக இருந்த டிரை-வேலி பல்கலைக்கழகம் சோதனையிடப்பட்டபோது, அதில் பெயர் பதிந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், முக்கியமாக ஆந்திரத்துப் பிள்ளைகள். அவர்களில் சிலர் காலில் கண்காணிப்பு வளையம் பூட்டப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தினவருக்குப் பதினாறு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது; ஆனால் பணம் கட்டின பிள்ளைகளின் காலத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? 2019-இல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் வெளிப்பட்டது இன்னும் கொடுமை. அதை நடத்தியதே அரசாங்கத்தின் குடிவரவுத் துறை. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. சுமார் 600 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் நம்மவர்களே. வலை விரித்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆயினும், படிப்பில்லாத ஓரிடத்தில் மாணவன் என்று பெயர் கொடுக்க ஒருவனை உந்தும் நிர்ப்பந்தத்தை நான் அறிவேன். ஏனென்றால் நானே அப்படிப் பெயர் கொடுத்தவன்.

இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. 1966-இல் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தட்டச்சு, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களோடு நான் பம்பாய்க்கு வந்து இறங்கினேன். அதே வருஷம் ஜூனில்தான் சிவசேனை தோன்றியது. மதராஸி ஸ்டெனோக்கள் உள்ளூர்ப் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற கூச்சல் வலுத்திருந்த காலம். அடுத்த வருஷமே, நான் சேர்ந்திருந்த சிறு கம்பெனி மூடப்பட்டது. ஆறு பேரோடு பகிர்ந்திருந்த அறைக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. மாணவர்களுக்கு மட்டும் குறைந்த செலவில் இடமும் சாப்பாடும் தருகிற விடுதி ஒன்று இருந்தது. அந்தக் கட்டிலுக்காகவே, என் அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்து, சட்டப் படிப்பில் சேர்ந்தேன். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பிறகு பகல் முழுவதும் பல்லார்ட் எஸ்டேட்டில் காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கி வேலை தேடுதல். முதல் வருஷப் பரீட்சையில் தவறினேன். இரண்டாம் வருஷமும் பணம் கட்டி மறுபடி தவறினேன். ஒருநாள் விடுதிக் காப்பாளர், நல்ல மனிதர், அன்போடுதான், "என்னப்பா வாசிக்கிறாய்?" என்று கேட்டார். ஒப்பந்தச் சட்டத்தின் முதல் ஷரத்துகூட எனக்குச் சொல்ல வரவில்லை. அது பெரிதல்ல. மாதாமாதம் உன் தாத்தாவுக்கு, "படிப்பு நன்றாக நடக்கிறது" என்று ஒரு கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அதை நம்பி, மகன் வக்கீலாகப் போகிறான் என்று அக்கிரகாரம் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். அந்த வளையல்கள் திரும்பி வரவேயில்லை. வேலையில்லாத இரண்டு வருஷத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்தக் கார்டுகளை மறக்க முடியவில்லை.

உத்தியோகத்தை விட்டு மாணவனாவது தாழ்ந்த காரியம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. என் காலை நடையில் தாதர் ஹிந்து காலனி வழியாகப் போகும்போதெல்லாம் அம்பேத்கரின் வீடான ராஜகிருகத்தின் எதிரில் சற்று நிற்பது வழக்கம். 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், பரேலில் ஒரு சால் குடியிருப்பில் எளிமையாகக் குடித்தனம் செய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோல்ஹாபூர் மகாராஜாவின் உதவியையும் ஒரு பார்ஸி நண்பரின் கடனையும் சேர்த்துக்கொண்டு, 1920-இல் அந்த நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு, பாதியில் நின்றுபோன படிப்பை முடிக்க லண்டனுக்கு மாணவராகவே திரும்பிப் போனார். 1923-இல் பாரிஸ்டர் தகுதியோடு பம்பாய்க்கு வந்தார்; டாக்டர் பட்டமும் அதே வருஷம் கிடைத்தது. மனிதன் மாணவனாக மாறுவதென்றால் அப்படி மாற வேண்டும்: படிக்க வேண்டியது முதலில் இருந்தது, அதற்காகக் கப்பல் ஏறினார். உனக்கும் 2020-இல் டாக்டர் பட்டம் வாசிக்கும் ஆசை இருந்தது, கல்விக் கடனுக்காக அதை ஒத்திவைத்தாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நாற்பது நாளில் எந்த நல்ல சர்வகலாசாலையும் ஆராய்ச்சி மாணவனைச் சேர்த்து ஐ-20 என்னும் சேர்க்கைச் சான்றைக் கொடுத்துவிடாது. அவர்கள் இந்தக் குளிர்காலத்தில் விண்ணப்பம் வாங்கி, வருகிற ஆகஸ்டில் வகுப்பைத் தொடங்குகிறவர்கள். நாற்பது நாளில் இடம் தருவதற்கு ஓடி வருகிற இடங்களில் பெரும்பாலானவை எவை என்பது இதிலிருந்தே புலப்படும். ஜனவரிப் பருவத்துக்குச் சேர்க்கும் யோக்கியமான கல்லூரிகளும் உண்டு; உன் பழைய பேராசிரியர் அப்படி ஒன்றைத் தாமாகச் சிபாரிசு செய்தால் மட்டும் நான் மறுக்கமாட்டேன்.

உன் அகத்துக்காரியையும் நினைத்துக்கொள். அவள் இப்போது உன்னைச் சார்ந்த எச்-4 ஸ்திதியில் இருக்கிறாள், நீ மாறினால் அவளும் எஃப்-2 ஆக மாற வேண்டும், அதில் வேலைக்கு அனுமதியே கிடையாது. உனக்கும் சம்பளம் நிற்கும். வாடகையும் வைத்திய இன்ஷூரன்ஸும் நிற்கா. அதற்குமேல் படிப்புச் செலவு. உன் அப்பா செம்பூர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பணம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருப்பதாக உன் அம்மா சொன்னாள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவரிடமும் இன்று சாயங்காலம் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். வாசிக்க விருப்பமில்லாத பட்டத்துக்கு எழுபது வயதுக்காரரின் கூரையை ஈடு வைக்கக்கூடாது.

ஆகவே என் தீர்மானம் இது. மிச்சமுள்ள நாற்பது நாளையும், தினம் ஒரு முழு உத்தியோக நாளாக எண்ணி, வேறு முதலாளியைத் தேடுவதில் செலவிடு. உள்ளே இருக்கும் உனக்காக அவன் போடும் மனுவுக்கு அந்த ஒரு லட்சம் டாலர் இல்லை என்பதை அவனுக்கும் எடுத்துச் சொல். கூடவே ஆராய்ச்சிப் படிப்புக்கான விண்ணப்பங்களையும் எழுதத் தொடங்கு. இந்த வாரமே ஒரு குடிவரவு வக்கீலுக்குப் பணம் கொடுத்து உன் காகிதங்களைக் காட்டு. நான் படித்தது ஒரு ராத்திரியில் படித்தது, விதிகளோ மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. மனு எதுவும் கைகூடாவிட்டால், டிசம்பர் 26-க்கு முன்பே மூன்று பேரும் விமானம் ஏறிவிடுங்கள். கெடு தப்பாமல் புறப்பட்டு வந்தவன், நாளைக்கு உண்மையான படிப்புக்கான கடிதத்தோடு அந்த ஜன்னலுக்கு எதிரே நிற்கும்போது, ஒளிக்க வேண்டியது ஒன்றும் இராது. உன் மிச்ச வருஷங்களும் கணக்கில் அழியாமல் இருக்கும். ஒரு லட்சம் டாலர் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. அந்தப் பயத்துக்காக நீ எழுத நேரும் பொய்க் கார்டுகளை அதைவிடக் கனமாக எண்ணுகிறேன்.

இங்கே வந்தால் இருக்க இடத்துக்கு யோசிக்காதே. என் வீட்டு மாடியறையை நேற்றே பெருக்கச் சொல்லிவிட்டேன். குழந்தைக்கு மாதுங்காவில் நடைதூரத்தில் பள்ளி இருக்கிறது. நாளை உனக்குக் காலை எட்டு மணி ஆகும்போது நான் போன் பக்கத்தில் இருப்பேன். முதலில் அம்மாவுக்குப் பேசு, பிறகு எனக்குப் பேசு.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமா