சோழவரத்தில் ஓடிய என்ஜினா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய ஒரு பட்டறை. தரையில் சாக்கு விரித்து அதன்மேல் ஒரு புல்லட் என்ஜினை வைத்திருந்தார்கள். விற்க வந்தவர் புவனகிரிப் பக்கத்துக்காரர். "சார், இது சோழவரத்துல ஓடுன எஞ்சின். அம்பத்தாறு மாடல். அப்படியே இங்கிலாந்துலேர்ந்து வந்தது" என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை. அப்பா சொன்னதை நம்பியிருக்கிறார், நம்பியதைச் சொல்கிறார்.

பட்டறை அண்ணன் பதில் பேசவில்லை. பிளக்கைக் கழற்றினார். இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். பிளக் ஓட்டை மேலே பார்க்கும்படி என்ஜினைச் சாய்த்து, மருந்துக் கடை சிரிஞ்சில் எண்ணெயை அளந்து அளந்து விட்டார். நாற்பது, ஐம்பது, அறுபது. அறுபத்து மூன்றுக்குப் பக்கத்தில் எண்ணெய் வந்து மரையின் அடியைத் தொட்டது.

அந்த ஒரு அளவிலேயே பாதிக் கதை தெரிந்துவிட்டது. 350 புல்லட்டின் கொள்ளளவு 346 சி.சி. கம்பெனி வைத்த அழுத்த விகிதம் 6.5:1. 346ஐ 5.5ஆல் வகுத்தால் 63. பந்தயத்துக்காக விகிதத்தை 9:1க்கு ஏற்றியிருந்தால் 43 மில்லிக்கு மேல் பிடித்திருக்காது. இந்த என்ஜின் என்றைக்குமே ரேஸில் ஓடவில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பின்னால் யாராவது சாதாரண பிஸ்டனைப் போட்டிருக்கலாம். ஆனால் ரேஸ் என்ற சொல்லுக்காக அவர் கூடுதலாகக் கேட்ட பணத்துக்கு அந்த என்ஜினுக்குள் சாட்சி எதுவும் இல்லை.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பழைய வண்டி வாங்கப் போகும் இளைஞர்கள் என்னிடம் சொல்லும் கதைகள் பெரும்பாலும் இதே மாதிரிதான். அவற்றில் அடிக்கடி கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: பெரிய கார்புரேட்டர், சத்தமான சைலன்சர் இருந்தால் அது ரேஸ் என்ஜின்.

உண்மை: சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வந்த பிறகு பந்தயங்கள் அங்கே போய்விட்டன. சோழவரத்தில் ஓடியவற்றில் கணிசமானவை நாம் ஓட்டும் அதே சாலை வண்டிகளைப் பிரித்து மெருகேற்றியவை. அதனால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கார்புரேட்டரையும் சைலன்சரையும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். உயர்த்திய பிஸ்டன், பெரிதாக்கிய இன்லெட் வால்வு, நெருக்கமான கியர் விகிதம், பளபளவென்று தேய்த்த கனெக்டிங் ராடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தால் யாரும் கை வைக்கவில்லை. விளிம்பை மேலே உயர்த்தி அரம் போட்ட தடம் இருந்தால் அது வேகத்துக்காகச் செய்த வேலை.

பந்தயத்துக்கென்றே கம்பெனி செய்த என்ஜின் வேறு வகை. இந்த வேறுபாட்டைக் காட்ட, ஆர்.டி. 350 என்று நாம் அழைக்கும் ராஜ்தூத் 350ஐவிட நல்ல உதாரணம் இல்லை. எஸ்கார்ட்ஸ் 1983இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350இன் போர் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ. யமஹாவின் டி.இசட். 350 பந்தய வண்டிக்கும் இதே அளவுகள்தான். இதை எங்கோ படித்துவிட்டு, "ரெண்டும் ஒரே எஞ்சின்" என்கிறார்கள். இல்லை. டி.இசட். தண்ணீரால் குளிர்வது, ராஜ்தூத்துக்குக் காற்றுதான், அதனால் சிலிண்டர் முழுக்கச் செதில்கள். டி.இசட்டில் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ராஜ்தூத்தில் ஆயில் பம்ப் தனியாக உண்டு. எல்லாவற்றையும்விட எளிய அடையாளம், டி.இசட்டில் கிக்கரே கிடையாது. அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். கிக்கர் ஷாஃப்ட் வெளியே வர கவரில் ஓட்டை இருந்தால், அது சாலைக்காகப் பிறந்த என்ஜின். ஆர்.டி. என்ற எழுத்துகளும் ராஜ்தூத்தின் சுருக்கம் அல்ல. ராஜ்தூத் 350 வருவதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1973இல், யமஹா அந்தப் பெயரில் வண்டி விற்றது.

நம்பிக்கை: ஐம்பத்தாறு மாடல் புல்லட் ஊருக்கு ஊர் இருக்கிறது.

உண்மை: என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955இல் உருவானது. திருவொற்றியூர்த் தொழிற்சாலை 1956இல் திறந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பாகங்களாக வந்து இறங்கியவற்றை இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பூட்டி முடித்தவை 163 வண்டிகள். நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு கருவிகளே இங்கே வந்தன. படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ஆகவே இங்கிலாந்து வார்ப்பும் திருவொற்றியூர்ப் பூட்டலும் ஒரே வண்டியில் சேர்ந்திருக்க முடியும். அப்படி ஒன்று உண்மையாகவே கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

இதில் சிக்கல் என்னவென்றால் புல்லட்டின் உருவம் பல பத்தாண்டுகளுக்கு மாறவே இல்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் அப்படியே தொடர்ந்தன. அறுபதுகளின் என்ஜினையும் எண்பதுகளின் என்ஜினையும் வெர்னியரால் பிரிக்க முடியாது. கூடவே வந்த பாகங்களைக் கேட்க வேண்டும். பழைய ஆங்கிலேய வண்டிகளின் லூகாஸ் மேக்னெட்டோவிலும் டைனமோவிலும் செய்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். கார்புரேட்டரில் மிக்கார்ப் என்று இருந்தால் அந்தப் பாகம் எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. ஒரு பாகத்தின் தேதி அந்தப் பாகத்துக்கு மட்டுமே சாட்சி என்பதையும் மறக்கக் கூடாது. நான்கைந்து பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால்தான் நம்பலாம். ரெட்டிச் வண்டி என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கத்திடம் அந்தத் தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேடுகள் உள்ளன. எண்களை அனுப்பிக் கேட்கலாம்.

நம்பிக்கை: என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் அசல்.

உண்மை: கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. போருக்குப் பிந்தைய டிரையம்ஃபில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பி.எஸ்.ஏ.வில் ஐம்பதுகளில் தொழிற்சாலையை விட்டு வரும்போதே இரண்டும் வேறு. புகழ்பெற்ற பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டாரை அதன் முன்னெழுத்தால்தான் காலம் கணிக்கிறார்கள். இசட்.பி. என்று தொடங்கினால் நாற்பதுகளின் கடைசி, ஐம்பதுகளின் தொடக்கம். பிறகு பி.பி., சி.பி., டி.பி. என்று வரிசையாக வந்து, 1963இல் முடிந்த டி.பி.டி.34இல் நிற்கிறது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் கோல்ட் ஸ்டாரை யாராவது காட்டினால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

நம்பிக்கை: நம்பர் மங்கியிருந்தால் திருட்டு வண்டி.

உண்மை: கடலூர்க்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் காற்றில் உப்பு இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வெளியே நிற்கும் வண்டியின் அலுமினியக் கிராங்க் கேஸில் வெள்ளையாகப் பொடி பூக்கும். அது உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். 2004இல் சுனாமி வந்தது, 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியது, 2015இல் வெள்ளம். உப்பு நீர் உள்ளே போன என்ஜினில் கிராங்க் பேரிங் தப்பாது. இத்தனையும் பார்த்த ஊரில் மங்கிய எண்ணும் மாற்றிய என்ஜினும் இருப்பதில் வியப்பில்லை.

அரித்த எண்ணையும் அழித்த எண்ணையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். உப்பு தின்ற இடம் குழிகுழியாக, சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். கல் போட்டு அழித்த இடம் எண் இருக்கும் பகுதியில் மட்டும் வழவழப்பாக, கொஞ்சம் பள்ளமாக இருக்கும். அங்கே வார்ப்பின் இயல்பான சொரசொரப்பு காணாமல் போயிருக்கும். அந்த வழவழப்பின்மேல் புது எழுத்து குத்தியிருந்தால் வண்டியை விட்டு விலகிவிடுங்கள். படிப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போட்டுக் கழுவி, காயவிட்டு, சாக்பீஸை மேலே தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் எழுந்து வரும். உப்புத்தாளைத் தொடவே கூடாது. எண்ணைக் குத்தும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. மேலே அழிந்த எண்ணைத் தடய அறிவியல் கூடத்தில் அமிலம் தடவி மீட்பது அந்த நசுங்கலை வைத்துத்தான். தேய்க்கத் தேய்க்க அதுவும் போய்விடும்.

நம்பிக்கை: நம்பர் பிளேட்டே வருஷத்தைச் சொல்லிவிடும்.

உண்மை: சொல்லாது. கடலூரின் டி.என்.31 என்ற பலகை, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பதிவு முறையைச் சேர்ந்தது. புதுச்சேரியில் பதிந்த பழைய வண்டியைக் கடலூருக்கு மாற்றும்போது புது எண் கிடைக்கும். வண்டியின் வயது அதனால் குறையாது. பழைய ஆர்.சி. புத்தகத்தில் தென்னாற்காடு என்ற முத்திரை இருந்தால், அந்தப் பக்கம் 1993இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தையது என்பது வரை ஊகிக்கலாம். அதுகூடப் பதிவின் தேதிதானே தவிர, என்ஜின் செய்த தேதி அல்ல. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணைக் கிராங்க் கேஸோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். என்ஜினை மாற்றுவது குற்றமல்ல. மாற்றியதைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றாமல் விடுவதுதான் சட்டப்படி தவறு.

நம்பிக்கை: ஆர்.எக்ஸ். 100 எல்லாமே ஜப்பான் என்ஜின்.

உண்மை: 1985 முதல் 1996 வரை இந்தியாவில் வந்த வண்டி அது. என்ஜின் எண்ணில் 1எல்1 என்று இருப்பது மாடல் குறியீடு, ஜப்பான் முத்திரை அல்ல. போரை அளந்து பாருங்கள். 50 மி.மீ. அல்லது தேய்மானத்துக்காகக் கடைந்த அரை, ஒரு மில்லி கூடுதல் என்றால் சரி. 58 மி.மீ. வந்தால் மேலே உட்கார்ந்திருப்பது ஆர்.எக்ஸ். 135இன் பிளாக்.

நம்பிக்கை: பழைய ரேஸ் வண்டி என்றால் விண்டேஜ் பதிவு கிடைக்கும்.

உண்மை: 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ரேஸுக்காகச் சாலை வண்டியின் என்ஜினை மாற்றியது உண்மையானால், அந்தப் பெருமையே இந்தப் பதிவுக்குத் தடையாகலாம்.

புவனகிரிக்காரரின் என்ஜினில் கடைசி இரண்டு இலக்கம் படிக்க முடியவில்லை. உப்பும் காரணமில்லை, திருட்டும் காரணமில்லை. பளபளப்பாக இருக்கட்டும் என்று ஆசை ஆசையாக அவரே போன வருடம் பஃப் அடிக்கக் கொடுத்திருக்கிறார். அது எந்த ஆண்டு என்ஜின் என்பதைச் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி அந்த அரை மணி நேரத்தில் போய்விட்டது.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலோ மாட்டுக்கொட்டகையிலோ தாத்தாவின் வண்டி நின்றால், கழுவுவதற்கு முன்னால் என்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் படம் எடுத்து ஆர்.சி. நகலோடு வையுங்கள். பட்டறைக்குக் கொடுக்கும்போது அந்த இரண்டு இடத்திலும் டேப் ஒட்டி, "அண்ணே, இங்க மட்டும் கை வைக்காதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.