கறுப்புத் தாள் சொன்ன பாடம்



"கார்ட்டூன்தானே, அதுல எழுத என்னப்பா இருக்கு?" - மலருக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் விடுதி நண்பன் இப்படித்தான் சிரித்தான். அவன் கேட்டதில் தப்பில்லை. அமெரிக்காவில் ஒரு படம் ஓடிவிட்டால், அதன் பெயரிலேயே பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு டி.வி. தொடர் என்று காசு பார்ப்பது வழக்கம். அப்படிப் பிறக்கும் கிளைத்தொடர்கள் பலவும் ஏனோதானோ என்றுதான் இருக்கும். அதற்கு விதிவிலக்கான ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை.

பிறந்த கதை

காமிக்ஸில் 1939-இல் தோன்றிய பாத்திரம் பேட்மேன். 1989-இல் டிம் பர்ட்டன் இயக்கத்தில் வந்த பேட்மேன் படம் சக்கைப்போடு போட்டது. அந்தச் சூட்டில் வார்னர் நிறுவனம் தயாரித்ததே 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்'. 1992 செப்டம்பர் முதல் 1995 வரை 85 பகுதிகள் வந்தன. உருவாக்கியவர்கள் புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி என்ற இரு ஓவியர்கள். "தொடர் இப்படி இருக்கும்" என்று வாயால் சொல்லிக்கொண்டிராமல், மிகச் சிறிய மாதிரிப் படம் ஒன்றைச் செய்தே காட்டினார்கள். நம்ம பாஷையில் சொன்னால், ரிப்போர்ட்டுக்கு முன்னாலேயே ஒர்க்கிங் மாடல்!

கறுப்பிலிருந்து வெளிச்சம்

வழக்கமாகக் கார்ட்டூனின் பின்னணிக் காட்சிகளை வெள்ளைத் தாளில்தான் தீட்டுவார்கள். ரடோம்ஸ்கி கறுப்புத் தாளை எடுத்தார். இருட்டைத் தீட்டவே வேண்டாம், அது தாளிலேயே இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம், தெருவிளக்கு, மேகத்தின் ஓரம் - இவற்றை மட்டும் தீட்டினால் போதும், காத்தம் நகரம் எழுந்து நின்றுவிடும். தொடக்கக் காட்சியில் தொடரின் பெயரைக்கூட எழுத்தில் போடவில்லை. கூரைமேல் நிற்கும் அந்த நிழலைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியாதா என்ன?

குறைந்த கோடு, குறைந்த தவறு

டிம் வரைந்த உருவங்களில் கோடுகள் மிகக் குறைவு. சதுரத் தாடை, அகன்ற தோள், அவ்வளவுதான். இது அழகுக்காக மட்டும் இல்லை. அசைவுப் படங்களை வரைந்தவை ஜப்பான், கொரியா நாடுகளின் ஸ்டூடியோக்கள். ஒரே உருவத்தை ஆயிரக்கணக்கான தடவை பல கைகள் வரையும்போது, ஒவ்வொரு கூடுதல் கோடும் ஒரு கூடுதல் தவறுக்கு இடம். டிராயிங்கில் தேவையில்லாத ஒரு கோடு இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அப்படியும் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் அமைந்துவிடவில்லை. ஸ்டூடியோ மாறினால் படத்தின் நயமும் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது.

காதும் மனசும்

குரல் கொடுத்த நடிகர்களைத் தனித்தனியே பேசவிடாமல், கூடியவரை ஒரே அறையில் சேர்த்துப் பேச வைத்தார் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ. 2022-இல் காலமான கெவின் கான்ராய், செல்வந்தர் புரூஸ் வேய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு இன்னொரு குரல் என்று பிரித்துக் காட்டினார்.

எல்லாவற்றுக்கும் மேலே கதை. 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்று ஒரு பகுதி. எழுதியவர் பால் டினி. மிஸ்டர் ஃப்ரீஸ் அதற்குமுன் பனித் துப்பாக்கி தூக்கிய சாதாரண வில்லன். டினி அவனுக்கு ஒரு துக்கத்தைக் கொடுத்தார். நோயில் சாகக் கிடக்கும் மனைவியை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான் அந்த விஞ்ஞானி. செலவாகிறது என்று முதலாளி நடுவிலேயே நிறுத்திவிடுகிறான். அந்தக் கைகலப்பில் நேர்ந்த விபத்துக்குப் பின் குளிரில் மட்டுமே உயிர்வாழ முடிந்த ஒரு மனிதன்... வில்லனுக்காக என் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.

கிளை மரத்துக்குக் கொடுத்த கனி

1992-இல் இத்தொடரின் ஒரு பகுதிக்காக ஜோக்கரின் கையாளாகப் படைக்கப்பட்டவள் ஹார்லி க்வின். காமிக்ஸில் இல்லாதவள். 1993-இல் காமிக்ஸுக்குள் போனாள், 2016-இல் சினிமாவுக்கும் வந்துவிட்டாள். கடன் வாங்கிய தொடர் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது! அதே 1993-இல் 'ராபின்ஸ் ரெக்கனிங்' முதல் பாகம் எம்மி விருதும் பெற்றது.

நமக்கு என்ன?

போன செமஸ்டரில் ஒரு சீனியரின் டிராயிங்கைப் பார்த்து அப்படியே போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்த தப்பும் சேர்ந்து வந்தது. இன்னொருவருடையதை எடுப்பது குற்றமில்லை, யோசிக்காமல் எடுப்பதுதான் குற்றம் என்று இப்போது புரிகிறது. டிம்மும் டினியும் ஐம்பது வருஷப் பழைய பாத்திரத்தைத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் "நீ எதற்கு?" என்று கேட்டுவிட்டே எடுத்தார்கள்.

"கார்ட்டூன்தானே" என்பவர்களைப் போலவே "டிப்ளமோதானே" என்று உதட்டைப் பிதுக்குபவர்களும் நம் வீட்டு விசேஷங்களில் உண்டு. அவர்களோடு வாதாடி என்ன ஆகப்போகிறது? கையில் கிடைத்தது கறுப்புத் தாளாகவே இருக்கட்டும். வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று தெரிந்தால் போதும் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்