வலம்புரி ஏன் அரிது?

கேள்வி: சங்குகளில், மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுருண்ட வலம்புரி மட்டும் ஏன் இவ்வளவு அபூர்வமாகக் கிடைக்கிறது?

பதில்: சுருள் எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஓடு முளைப்பதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. குளத்து நத்தைகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். கருவின் நான்கு செல்கள் எட்டாகப் பிரியும்போது, மேலடுக்கில் உள்ள நான்கும் ஒரு பக்கமாகச் சற்றே திருகி உட்காருகின்றன. பின்னால் உடலும் ஓடும் அந்தத் திசையிலேயே சுருள்கின்றன. திசையைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு என்பதுதான் பெரிய ஆச்சரியம்! இடவலம் மாறிய உடலமைப்போடு பிறந்தவற்றுக்குப் பல நத்தை இனங்களில் இணை சேர்வது கடினம். அதனால் அந்த வகை பெருகுவதில்லை.

வாங்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இயல்பாகவே வலம்புரியின் பக்கமாகச் சுருளும் வேறொரு கடல்நத்தை உண்டு. அதையும் வலம்புரி என்று விற்கிறார்கள். உண்மையான சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில் மூன்று நான்கு தடித்த வரிகள் தெரியும்; விரலால் தடவினாலே தட்டுப்படும். அமெரிக்க ஓட்டில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.